இத்தாலி பாட்டுப் புத்தகங்கள்ல எழுத்துக்குள்ள நிக்கிற புனிதர்கள்: யாரு இவங்க, ஏன் வெட்டி எடுத்தாங்க?

மைக்கூடு:
வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா கெட்டி மியூசியம், மெட்ரோபாலிட்டன் மியூசியம் சைட்டுல ஃப்ரீயா இறக்கிக்கலாம்னு போட்டிருக்கிற படங்கள மேஞ்சுட்டு இருக்கேன். அதுல 1300, 1400கள்ல இத்தாலில வரைஞ்ச பெரிய பெரிய எழுத்துங்க வருது, ஒரு டி-யோ ஜி-யோ இருக்கும், சுத்தி இலை கொடி தங்கம், நடுவுல ஒரு புனிதர் நிப்பாரு. கீழ 'வெட்டி எடுத்த துண்டு'னு போட்டிருக்கு. எதுலேர்ந்து வெட்டினது? எழுத்து ஏன் இவ்ளோ பெருசு? சில பேர் மூஞ்சி பச்சையா இருக்கே, கலர் கெட்டுப்போச்சா? தலைல கல்லு ஒட்டிக்கிட்ட மாதிரி ஒருத்தர் அமைதியா நிக்கிறாரே, அவரு யாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாடகர்_மேடை:
கடைசி கேள்விக்கு மொதல்ல. அவரு முடியப்பர், அதான் ஸ்தேவான். கல்லால அடிச்சே கொன்னாங்க, அதனால கல்லு தலையிலயும் தோள்லயும் இருக்கும், தியாக்கோன் (திருத்தொண்டர்) உடுப்பு போட்டிருப்பாரு, தலைல ரெண்டு சொட்டு ரத்தம் வரைஞ்சிருப்பாங்க, முகத்துல மட்டும் ஒரு வலியும் இருக்காது. அவரு நிக்கிற எழுத்து 'இ' (E)யா இருந்துச்சுன்னா அது டிசம்பர் 26 பூசையோட வருகைப் பல்லவி, லத்தீன்ல 'எதெனிம்'னு ஆரம்பிக்கும்.

இது எல்லாமே பாட்டுப் புத்தகத்துலேர்ந்து வெட்டினது. ரெண்டு வகை உண்டு, பூசைல பாடுறது கிராஜுவல், திருப்புகழ்மாலைக்கு, அதாவது ராத்திரியும் பகலும் மணிப்படி பாடுற செபத்துக்கு ஆன்டிஃபோனரி. ஒரே புத்தகத்த ஸ்டாண்டுல வச்சு மொத்த பாடகர் குழுவும் தூரத்துல நின்னு பார்த்து பாடணும், அதுவும் விடியக்காலைல மெழுகுவத்தி வெளிச்சத்துல, அதான் அவ்ளோ பெருசு. பக்கமெல்லாம் காகிதம் இல்ல, மிருகத் தோலு. பெரிய புத்தகம்னா ஒரு விரிப்புக்கு ஒரு முழு தோலு போயிடும், ஒரு புத்தகத்துக்கு எத்தன ஆடு, கன்னுக்குட்டி போயிருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

சந்தேகப்பேர்வழி:
எழுத்து பெருசா இருக்கணும், சரி. ஆனா உள்ள படம் எதுக்கு? பாடுறவனுக்கு பாட்டு மனப்பாடம், படத்த பாத்துட்டா பாடுவான்? பணக்கார மடம் காசு காட்டுறதுக்கு பண்ணின வேலைனு எனக்கு தோணுது.

பாடகர்_மேடை:
காசு காட்டுறது இல்லைனு சொல்ல மாட்டேன். ஆனா படம் சும்மா அலங்காரம் இல்ல சார். அந்தப் புத்தகம் வருஷ நாள்காட்டி வரிசைல போகும், புரட்டுறப்ப படத்த பாத்தாலே எந்த திருநாள்னு தெரிஞ்சிடும். என்-க்குள்ள சிறைல இருக்கிற இராயப்பரும் (பேதுரு) சம்மனசும் (தேவதூதர்) இருந்தா ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் (பவுல்) திருநாள். சி-க்குள்ள இரும்புக் கம்பி அடுப்போட ஒருத்தர் இருந்தா லாரன்ஸ், ஆகஸ்ட் 10. திருவருகைக் காலம் முதல் ஞாயிறுக்கு ஏ வரும், அதுல தாவீது அரசர் தன் ஆத்துமாவ ஒரு சின்னக் குழந்த மாதிரி கைல தூக்கி ஆண்டவர்ட்ட நீட்டுவாரு, ஏன்னா அந்த பாட்டோட மொத வரியே 'உம்மிடம் என் ஆன்மாவை உயர்த்தினேன்'னுதான் இருக்கு. பாட்டு வரியத்தான் வரைஞ்சிருக்காங்க. அதுமட்டுமில்ல, பெரிய திருநாள்னா பெரிய எழுத்து, சாதா நாளுன்னா வெறும் சிவப்பும் நீலமும் பேனா கோடும்தான். எழுத்தோட சைஸ பாத்தே அந்த மடத்துக்கு யாரு முக்கியம்னு சொல்லிடலாம்.

வெள்ளை_அங்கி:
இதோட ஒண்ணு சேத்துக்கிறேன், புனிதர வச்சு புத்தகம் எந்த துறவற சபையோடதுனு ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெள்ள உடுப்புல ரோமுவால்து பெருசா வந்தா கமால்டோலி சபை. சாமிநாதரும் (டொமினிக்), மண்டைல வெட்டுக்கத்தியோட நிக்கிற வெரோனா பீட்டரும் வந்தா சாமிநாதர் சபை. அசிசியாரும் கிளாரம்மாளும் பதுவை அந்தோணியாரும்னா பிரான்சிஸ்கன்.

காலத்துக்கும் ஒரு துப்பு கெடைக்கும். பீட்டர கொன்னது 1252ல, அடுத்த வருஷமே புனிதராக்கிட்டாங்க. கிளாரம்மாள் 1255. தாமஸ் அக்குவினாஸ் 1323. சியன்னா பெர்னார்தினோ 1450, சியன்னா கத்தரீனம்மாள் 1461. புத்தகத்துல பெர்னார்தினோவுக்கு ஒளிவட்டத்தோட தனி திருநாளே இருந்தா அந்தப் பக்கத்த 1450க்கு முன்னாடி கொண்டு போறது ரொம்ப கஷ்டம். ஆனா ஒண்ணு, பழைய புத்தகத்துலயே பின்னாடி புதுசா நாலு பக்கம் தச்சு சேக்குற பழக்கம் உண்டு, அதனால ஒரு பக்கத்த வச்சு முழு புத்தகத்துக்கும் தேதி போட்டுடாதீங்க.

மைக்கூடு:
செம. மண்டைல கத்தியோட ஒருத்தர ரொம்ப நேரமா பாத்துட்டு இருந்தேன், இப்பதான் ஆளு யாருனு தெரியுது. பச்ச மூஞ்சிக்கு யாரும் பதில் சொல்லலியே?

பொன்_ரேக்கு:
நான் சொல்றேன். கலர் கெடல, மேல் பூச்சு தேஞ்சிருக்கு. இத்தாலி ஓவியர்கள் முகத்துக்கு மொதல்ல பச்ச மண்ண அடில பூசுவாங்க, அதுக்கு மேல ரோஸும் வெள்ளையும் மெல்லிசா கோடு கோடா போட்டு சதை மாதிரி கொண்டு வருவாங்க, நிழல் விழுற எடத்துல அடிப் பச்ச லேசா தெரியுற மாதிரி விட்டுடுவாங்க. பலகைல பெரிய படம் வரையிறவங்களும் இதே முறைதான். நூறு நூறு வருஷம் பக்கம் புரட்டி உரசினதுல மேல இருக்கிற ரோஸ் போயிடுச்சுன்னா அடில பச்சதான் மிச்சம்.

தங்கம் தனிக் கத. 1400 வாக்குல சென்னினோ சென்னினினு ஒரு ஃப்ளாரன்ஸ் பக்கத்து ஓவியர் கைவேலை குறிப்பு எழுதி வச்சிருக்காரு, அதுல தோல்ல தங்கம் ஒட்டுறதுக்கு மெல்லிசான ஜிப்சம், கொஞ்சம் ஈய வெள்ள, கொஞ்சம் சர்க்கரைனு கலவை சொல்றாரு. அந்தக் கலவைய புடைப்பா போடணும், காஞ்சதும் வழவழப்பா சுரண்டணும், அப்புறம் வாயால ஆவி ஊதினா ஈரம் பிடிக்கும், சர்க்கரை எதுக்குனு இப்ப புரியுதா? அந்த ஈரத்துலதான் தங்க ரேக்கு ஒட்டுது. பிறகு வழவழப்பான கல்லாலயோ பல்லாலயோ தேய்க்கணும். நாய்ப் பல்லு, சிங்கப் பல்லு, ஓநாய்ப் பல்லு, பூனைப் பல்லு, கறி தின்ற எந்த மிருகத்தோட பல்லும் ஆகும்னு எழுதியிருக்காரு மனுஷன்!

நீலம் இன்னும் வெல கூடுதல். லாபிஸ் லாசுலி கல்லு, ஆப்கானிஸ்தான் பதக்ஷான் மலைலேர்ந்து வரணும். சும்மா பொடி பண்ணினா சாம்பக் கலர்தான் கெடைக்கும், அதனால பொடிய மெழுகு பிசின் கலந்த உருண்டைல பிசைஞ்சு ஊற வச்சு, சாம்பல் காரத் தண்ணில பிழிஞ்சு பிழிஞ்சு நீலத்த மட்டும் எறக்குவாங்க. மொத பிழியல்தான் உசத்தி, கடைசி பிழியல்ல வர்றது சாம்பல்தான்.

சந்தேகப்பேர்வழி:
இதெல்லாம் துறவிங்களே பண்ணினாங்களா? துறவிக்கு பூனைப் பல்லுக்கும் ஆப்கானிஸ்தான் கல்லுக்கும் நேரம் ஏது.

வெள்ளை_அங்கி:
ரெண்டும் உண்டு. பொலோஞ்ஞால பாத்தா பெரும்பாலும் பட்டறைக்காரங்க, ஏன்னா அங்க யுனிவர்சிட்டி, சட்டப் புத்தகத்துக்கு ஓயாத டிமாண்ட். நிக்கோலோ தி ஜாக்கொமோனு ஒருத்தர், 1349 வாக்குலேர்ந்து 1400 தாண்டி வரைக்கும் வேல பாத்திருக்காரு, துறவி இல்ல, குடும்பஸ்தர், ஊர் நிர்வாகத்துலயும் பதவி வகிச்சவரு. சட்டப் புத்தகமும் வரைவாரு பாட்டுப் புத்தகமும் வரைவாரு, கீழ 'பொலோஞ்ஞா நிக்கோலாஸ் செஞ்சது'னு கையெழுத்தும் போடுவாரு.

ஃப்ளாரன்ஸ்ல சாந்தா மரியா தெல்யி ஆஞ்செலினு கமால்டோலி மடம், அங்க நெஜமாவே துறவிங்கதான். தொன் சில்வெஸ்த்ரோ தெய் கெரார்துச்சி, 1339ல பொறந்து 1399ல செத்தாரு, கடைசி காலத்துல மடத்து தலைவரா இருந்தவரு. அடுத்த தலைமுறை லொரென்சோ மோனாக்கோ, 1391ல அங்கதான் துறவற வாக்கு கொடுத்தாரு, அப்புறம் மடத்துக்கு வெளிய பட்டற வச்சு பெரிய பலிபீடப் படமெல்லாம் வரைஞ்சாரு. அந்த மடத்து கோரல் புத்தகங்கள் கொஞ்சம் இன்னிக்கும் ஃப்ளாரன்ஸ் லாரென்சியன் நூலகத்துல இருக்கு.

1500கள்ல ஓவியர்களோட வாழ்க்கைக் கதைகள எழுதின வசாரி சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. அந்த மடத்துல பெரிய எழுத்து எழுதுறதுல தொன் ஜாக்கொபோனு ஒருத்தர மிஞ்ச ஆள் இல்லையாம், அவரு செத்ததும் அவரோட வலது கைய எடுத்து பேழைல வச்சுட்டாங்களாம், படம் வரைஞ்ச சில்வெஸ்த்ரோ கையையும் அதே மாதிரி பத்திரப்படுத்தினாங்களாம், புனிதர் எலும்ப வைக்கிற மாதிரி. பத்தாம் லியோ பாப்பரசர் அந்தப் புத்தகங்கள பாத்துட்டு ரோமுக்கு, பேதுரு கோயிலுக்கே கொண்டு போயிடலாம்னு ஆசப்பட்டாராம், ஆனா பாட்டு வரிசை கமால்டோலி முறைப்படி இருந்ததால ரோமுக்கு சரிப்படாதுனு விட்டுட்டாராம். வசாரி எல்லாத்துக்கும் கொஞ்சம் மசாலா தடவுற ஆளுதான், இருந்தாலும் இத நான் நம்ப ஆசப்படுறேன்.

மெட்ராஸ்காரி:
வெள்ளை_அங்கி சொன்னதுல ஒண்ணு சேக்கணும், ஒரு எழுத்த ஒரே ஆள் போடுறது கம்மி. ஃப்ளாரன்ஸ் சான் மார்க்கோ மடத்துக்கு கொசிமோ தெ மெடிச்சி காசு குடுத்து 1446லேர்ந்து 1454 வரைக்கும் பாட்டுப் புத்தக செட் போட்டாங்க, அதுல எழுத்து வேல ஃப்ரா பெனெதெத்தோ, துறவி ஓவியர் ஃப்ரா ஆஞ்சலிக்கோவோட அண்ணன் தம்பில ஒருத்தர், உருவங்கள் சனோபி ஸ்த்ரோஸி, இலை கொடி ஓரமெல்லாம் பிலிப்போ தொரெல்லி. எழுதுறவரு எடத்த காலியா விட்டுட்டு போவாரு, தங்கம் போடுறவரு, ஓரம் போடுறவரு, கடைசியா முகம் போடுறவரு. பல புத்தகத்துல காலி எடம் காலியாவே நின்னுபோச்சு, காசு தீந்திருக்கும்.

அங்க மியூசியத்துல ஃப்ரா ஆஞ்சலிக்கோவே வரைஞ்ச ஒரு கிராஜுவலும் இருக்கு, நம்பர் 558, ஃபியசோலே சாமிநாதர் மடத்துக்காக 1420கள் கடைசில பண்ணினது. அத கண்ணாடிக்குள்ள நேர்ல பாத்தேன். ஒரு எழுத்துக்குள்ள அவ்ளோ காத்து எப்படி வந்துச்சுனு தெரியல, அந்த ஆளு பெரிய சுவர் வரைஞ்ச கையாலதான் இதையும் வரைஞ்சிருக்காரு, சுருங்கினதா தோணவே இல்ல. எனக்கு சனோபி கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, திட்டாதீங்க.

பழைய_ரயில்:
மெடிச்சி பேச்செல்லாம் சரி. ஆனா சாதாரண ஜனங்களுக்கு இதுல பங்கே இல்லையா? எல்லாமே லத்தீன், எல்லாமே மடம்.

மெட்ராஸ்காரி:
இருக்கே! சாந்த் ஆஞ்ஞேசே லவுதாரியோ. ஃப்ளாரன்ஸ் கார்மினே கோயில்ல சாயங்காலம் கூடி பாடுற பொதுமக்கள் சபை ஒண்ணு, துறவிங்க இல்ல, அவங்களுக்காக 1340 வாக்குல பண்ணின பாட்டுப் புத்தகம். லத்தீன் இல்ல, அவங்க பேசுற இத்தாலிய மொழில பாட்டு. பாச்சினோ தி போனாகிதாவும் இன்னொரு ஓவியரும் வரைஞ்சது, அந்த இன்னொருத்தர் பேரு யாருக்கும் தெரியாததால 'சாமிநாதர் சபை உருவங்களின் மாஸ்டர்'னு கூப்புடுறாங்க. அதுல பர்த்தலோமேயு வேதசாட்சியான பக்கம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ல இருக்கு, தோல உரிக்கிறது, பாத்தா சாப்பாடு எறங்காது. இந்தப் புத்தகமும் பக்கம் பக்கமா பிரிஞ்சு உலகம் பூரா சிதறிடுச்சு, 2012ல கெட்டி மியூசியம் கண்காட்சி வச்சப்பதான் ரொம்ப பக்கங்கள மறுபடி ஒரே கூரைக்கு கீழ கொண்டு வந்தாங்க.

மைக்கூடு:
இதத்தான் கேக்கணும்னு இருந்தேன். யாரு வெட்டினது? ஏன் வெட்டினாங்க? கேக்கவே எரிச்சலா இருக்கு.

வெள்ளை_அங்கி:
பெரிய அடி நெப்போலியன் காலத்துலதான். படை 1796ல இத்தாலிக்குள்ள எறங்குச்சு, அடுத்த பத்து பதினஞ்சு வருஷத்துல மடங்கள மூடி சொத்த பறிமுதல் பண்ணினாங்க. பாட்டுப் புத்தகம் மலையளவு வெளிய வந்துச்சு. அத்தன கனமான புத்தகத்த முழுசா யாரு வாங்குவா? படத்த மட்டும் வெட்டினா பாக்கெட்டுல போட்டு லண்டனுக்கு கொண்டு போயிடலாம்.

லூயிஜி செலொத்தினு ஒரு வெனிஸ் ஆளு, அபாத்தேனு பாதிரியார் பட்டம் வேற, 1798ல பிரெஞ்சு படை ரோம்ல இருந்தப்ப சிஸ்டைன் சேப்பல் புத்தகங்கள்லேர்ந்து கெளம்பின துண்டுகள் இவர் கைக்கு வந்து சேந்துச்சு. 1825 மே மாசம் லண்டன் கிறிஸ்டீஸ்ல ஏலம் விட்டாரு, வெட்டின துண்டுகளுக்குனே தனியா நடந்த மொத ஏலம் அது. கேட்டலாக் எழுதினது வில்லியம் யங் ஆட்லி. அந்த ஆட்லியே பெரிய கலெக்டர், சில்வெஸ்த்ரோ எழுத்துங்க நெறைய அவர்கிட்ட இருந்துச்சு, 1838ல அதெல்லாம் ஏலத்துக்கு போச்சு. செலொத்தி ஆளுங்க இன்னொரு கொடுமையும் பண்ணினாங்க, வெவ்வேற பக்கத்து ஓரத்தையும் எழுத்தையும் படத்தையும் ஒட்டி ஒரே படம் மாதிரி ஃப்ரேம் போட்டு வித்தாங்க. கல்யாண ஆல்பத்துலேர்ந்து தலைகள மட்டும் வெட்டி வேற வீட்டு ஆல்பத்துல ஒட்டின மாதிரி.

பழைய_ரயில்:
இங்கிலாந்து கலை விமர்சகர் ஜான் ரஸ்கினும் கத்திரிக்கோல் பார்ட்டிதானே, டைரில 'சாயங்காலம் புத்தகத்த வெட்டினேன், கடினமான வேல'ங்குற மாதிரி எழுதி வச்சிருக்காராமே.

பாடகர்_மேடை:
ஆமா, 1854 ஜனவரி. ஆனா அவரு வெட்டினதுல பேர் போனதெல்லாம் பிரான்ஸ், ஃப்ளாண்டர்ஸ் பக்கத்து புத்தகங்கள், இந்த இழைல இத்தாலி கணக்குல அவர சேக்க வேணாம். இத்தன அழக எழுதித் தள்ளின மனுஷன் கத்திரிக்கோலோட உக்காந்தாருங்கிறதுதான் எனக்கு ஆறல.

சந்தேகப்பேர்வழி:
நான் மாத்திப் பேசுறேன், கோச்சுக்காதீங்க. வெட்டலைனா என்ன ஆயிருக்கும்? புத்தக அட்டைக்கு தோலு வேணும்னு பைண்டிங் பண்றவன் கிழிச்சிருப்பான். பாட்டுப் புத்தகத் தோல்ல அட்டை போட்ட பழைய புத்தகம் எத்தனையோ இருக்கு. வெட்டினவன் காசுக்கு வெட்டினான், ஆனா அதனாலதான் மைக்கூடு இன்னிக்கு ஃப்ரீயா படம் பாக்குறாரு. வெனிஸ்ல சினி ஃபவுண்டேஷன்ல இருநூறுக்கு மேல துண்டு, பாரிஸ் மார்மொத்தான் மியூசியத்துல ஒரு ரூமே, எல்லாம் வெட்டினதுதான்.

மெட்ராஸ்காரி:
பாதி ஒத்துக்கிறேன். பைண்டிங்குக்கு போனது உண்மை. ஆனா சான் மார்க்கோ செட் வெட்டாம நிக்குதே? சியன்னா கத்தீட்ரல்ல பிக்கொலோமினி லைப்ரரி போனீங்கன்னா சுவரோரமா பெரிய பெரிய பாட்டுப் புத்தகம் விரிச்சு வச்சிருக்காங்க, லிபெராலே தா வெரோனாவும் ஜிரோலாமோ தா கிரெமோனாவும் 1460கள் கடைசிலயும் 1470கள்லயும் வரைஞ்சது, கலர் நேத்து போட்ட மாதிரி இருக்கும். மூடியே இருந்ததால வெளிச்சம் படல, அதான் காரணம். வெட்டி ஃப்ரேம்ல மாட்டினதுக்குத்தான் வெளிச்சமும் புழுதியும்.

அதவிட பெரிய நஷ்டம் எழுத்தே எழுத்தா இல்லாம போறது. ஃப்ரேம்ல பாக்குறவனுக்கு அது தங்க வளையத்துக்குள்ள ஒரு சாமி படம். கெட்டில ஒரு எஸ் இருக்கு, பிசானெல்லோங்குற ஓவியர் கை பட்டதுனு சொல்றாங்க, 1440கள், சின்னப்பர் மனமாற்றம், எஸ் வளைவுக்குள்ள குதிர, ஆளு எல்லாத்தையும் அடச்சிருக்காரு. அத நிறைய பேரு எஸ்-னு கவனிக்கவே மாட்டாங்க. அது ஒரு பாட்டோட மொத எழுத்து, மீதி பாட்டு பக்கத்துல இருந்துச்சு, அத யாரோ குப்பைல போட்டுட்டாங்க.

பாடகர்_மேடை:
கைதட்டல். இது அப்பிடியே என் கட்சி. அதனாலதான் எனக்கு முன்பக்கத்தவிட பின்பக்கம் முக்கியம். துண்ட திருப்பினா நாலு கோடு, சதுர சதுரமா ஸ்வரம், அறகொறையா நாலு லத்தீன் வார்த்த இருக்கும். அந்த நாலு வார்த்தைய வச்சு எந்த திருநாள் பாட்டு, முன்னாடி எது பின்னாடி எதுனு வரிசை பிடிக்கலாம். சில்வெஸ்த்ரோ 1390கள்ல வெனிஸ் கிட்ட முரானோ தீவு சான் மிக்கேலே மடத்துக்கு பண்ணின கிராஜுவல இப்படித்தான் துண்டு துண்டா கோத்து பாத்திருக்காங்க, நியூயார்க் மோர்கன் லைப்ரரில ஒரு நல்ல பங்கு இருக்கு. 1994ல மெட்ரோபாலிட்டன்ல ஃப்ளாரன்ஸ் ஓவியம் பத்தி பெரிய கண்காட்சி வச்சப்ப இந்த மாதிரி பிரிஞ்ச சொந்தங்கள பக்கம் பக்கமா மாட்டினாங்க.

பழைய_ரயில்:
ஒரு சின்ன இடைச்செருகல். இந்தக் கலைக்கு அந்தக் காலத்துலயே மவுசு இருந்துச்சு. இத்தாலி கவிஞர் தாந்தே தன் காவியத்துல, செத்தவங்க பாவம் தீர கஷ்டப்படுற உத்தரிக்கிற ஸ்தலத்துல, பெருமை பிடிச்சவங்க கல்லு சுமக்குற எடத்துல ஒதெரீசிங்குற ஓவியர சந்திக்கிறாரு, குப்பியோ ஊர்க்காரரு. அவரு என்ன சொல்றாருன்னா, எனக்கு இல்ல பெருமை, பொலோஞ்ஞா ஃபிராங்கோ தீட்டின பக்கங்கள்தான் இன்னும் அதிகமா சிரிக்குதுங்கிறாரு. உயிரோட இருந்தப்ப இத ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்னு வேற சொல்றாரு. பக்கம் சிரிக்குதுனா என்னானு சான் மார்க்கோ புத்தகத்த பாத்தா புரியும்.

மைக்கூடு:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. இன்னொரு துண்டு கேக்குறேன். ஜி எழுத்து, உள்ள அடுக்கடுக்கா ஒரே கூட்டம், பிஷப்பு, ராணி, துறவி, எல்லாருக்கும் ஒளிவட்டம், மேல ஆண்டவரும் மாதாவும். இதுல யாருனு சொல்றது?

வெள்ளை_அங்கி:
ஒருத்தர்னு இல்ல, எல்லாருமேதான். நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளா இருக்கும். பாட்டு 'கௌதேயாமுஸ்', அதான் ஜி. முன் வரிசைல யார வச்சிருக்காங்கனு மட்டும் ஜூம் பண்ணி பாருங்க, அது அந்த மடத்துக்கு வேண்டப்பட்ட ஆளா இருக்கும்.

பாடகர்_மேடை:
அவசரப்படாதீங்க. கௌதேயாமுஸ் மாதா விண்ணேற்புக்கும் வரும், ஆகத்தம்மாள் திருநாளுக்கும் வரும், அதே ஜி, அதே ஆரம்பம், கொஞ்சம் தள்ளித்தான் பேர் மாறும். மேல மாதாவும் இருக்காங்கங்கிறீங்க, அதனால விண்ணேற்ப உடனே தள்ளிட முடியாது. மைக்கூடு தம்பி, அந்த மியூசியம் பக்கத்துல பின்பக்க படமும் குடுத்திருக்காங்களானு பாருங்க, இருந்தா எழுத்து தெரியுற அளவுக்கு பெருசா இங்க போடுங்க.